61-ஆவது நொடி

2012 ஜனவரியில், பாரிஸ் வானாய்வகத்திலிருந்து பூமியின் சுழற்சியைக் கணக்கெடுப்பவர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள்: ஜூன் 30-ஆம் தேதியின் கடைசி நிமிடத்துக்கு 61 நொடி. பூமி அணுக்கடிகாரத்தின் கறார் வேகத்தில் சுற்றுவதில்லை. சேர்ந்துபோகும் பாக்கியை அவ்வப்போது ஒரு லீப் நொடி போட்டுத் தீர்ப்பது 1972-இலிருந்து வழக்கம். இது 25-ஆவது.

கணினிகளுக்கு நேரம் சொல்லும் என்டிபி பாக்கெட்டின் முதல் இரண்டு பிட்டுகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றில் ஏறி, சர்வர் சர்வராக மாறி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு குறியாக வந்து காத்திருந்தது நமது நொடி. யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. இந்தியாவில் அப்போது ஜூலை 1, ஞாயிறு, விடிகாலை ஐந்தரை. கெர்னல் தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னால் இழுத்துவிட்டது. 23:59:60 சேர்க்கப்பட்டதாக லாகில் ஒரு வரியும் எழுதியது.

லாகில் எழுதியதை, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் நுண் டைமர்களிடம் சொல்ல மறந்துவிட்டது. அவை கடிகாரத்துக்கும் தங்களுக்குமான வித்தியாசத்தைத் தனியே குறித்து வைத்திருப்பவை. யாராவது நேரத்தை மாற்றினால் கெர்னல் கூப்பிட்டுச் சொல்லும். லீப் நொடிக்கு மட்டும் அந்த அழைப்பு விடுபட்டுப் போயிருந்தது. டைமர்கள் ஒரு நொடி முன்னால் ஓடின.

விளைவைப் பாருங்கள். மணி 12:00:10. ஒரு புரோகிராம், '10.5-ஆவது நொடிக்கு எழுப்பு' என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறது. டைமர் கணக்கில் ஏற்கெனவே 11 ஆகிவிட்டது, உடனே தட்டி எழுப்புகிறது. எழுந்து மணி பார்த்தால் நேரம் ஆகவில்லை. மறுபடி படுக்கை, மறுபடி தட்டல். வேலை ஒன்றும் நடக்காமலே சிபியு நூறு சதவீதத்தில் கொதிக்கும்.

ரெடிட் தடுமாறியது. மொசில்லாவில் ஜாவா நிரல்கள் திணறின. அமேடியஸ் விமான முன்பதிவு சிஸ்டம் படுத்துவிட, குவான்டாஸ் விமான நிறுவன ஊழியர்கள் பயணிகளுக்குக் கையாலேயே செக்-இன் போட்டார்கள்.

சிபியுவை யார் தின்கிறார்கள் என்று காட்டும் 'டாப்' கட்டளையைக் கொடுத்தால் ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும்தான் உச்சியில் தெரிந்தன. பழி அவற்றின் மேல் விழுந்தது. நிறுத்தித் திரும்ப ஓட்டினாலும் அதே கதை, ஏனென்றால் கோளாறு கீழே கெர்னலில். மெஷினையே ரீபூட் செய்தால் சரியானது. அதைவிட அழகான வைத்தியம் ஒன்று பரவியது: 'டேட்' கட்டளையால் இப்போதைய நேரத்தையே எடுத்துத் திரும்ப அதையே வைப்பது! கேட்டால் கிறுக்குத்தனம். ஆனால் நேரத்தை வைத்தவுடன் விடுபட்ட அழைப்பு போய்விடும், டைமர்கள் திருந்திவிடும், சிபியு அடங்கிவிடும். கெர்னலின் நேரக் கணக்கைக் கவனித்துவந்த ஜான் ஸ்டல்ட்ஸ் அந்த மாதமே நிரந்தரத் திருத்தம் எழுதினார்.

கூகுள் இந்தச் சிக்கலுக்கே வரவில்லை. அந்த ஒரு நொடியைப் பல மணி நேரத்துக்குத் துளித்துளியாகக் கலந்துவிடும் தந்திரம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அதன்பின் 2015-இலும் 2016-இலும் ஒவ்வொரு நொடி சேர்ந்தது. 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுவதென்று 2022-இல் உலக அளவியல் மாநாடு முடிவெடுத்தது. சேர்ந்த நொடிகள் எங்கும் போய்விடவில்லை: 1972-க்கு முன்பே இருந்த வித்தியாசத்தையும் சேர்த்து, அணு நேரத்துக்கும் யுடிசிக்கும் 2012 ஜூலையில் வித்தியாசம் 35 நொடி, இன்று 37.