எது அடிப்படை? பொறியியல் மாணவரின் தொடக்கக் கணிதம், 1794–1903

நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள்: பொறியியல் முதலாண்டு மாணவர் படிக்கும் இந்த வரிசை என்றைக்கும் இப்படியே இருந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் இது நூறாண்டுக்கும் மேலான வாக்குவாதத்தில் திரண்டது. பொறியாளர் எந்த வேலைக்குத் தேவைப்பட்டாரோ, அந்த வேலைதான் ஒவ்வொரு காலத்திலும் அடிப்படைக் கணிதம் எது என்று தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1794-இல் பாரிஸில் பொதுப்பணிகளுக்கான மையப் பள்ளி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது எகோல் பொலிடெக்னிக் எனப் பெயர் மாறியது. அதன் தொடக்ககாலப் பாடத்திட்டத்தின் உயிர்நாடி, காஸ்பார் மோஞ் வகுத்த விவரண வடிவியல். ஒரு கல் வளைவை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு புள்ளியையும் கிடைத்தளத்தில் ஒருமுறையும் செங்குத்துத் தளத்தில் ஒருமுறையும் வீழ்த்தி, இரண்டாம் தளத்தை மடக்கி ஒரே தாளில் விரித்தால் பிளானும் எலிவேஷனும் ஒருசேரக் கிடைக்கும். கல்தச்சர் எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்பதை அந்தத் தாளிலிருந்தே அளந்தெடுக்கலாம். கோட்டை, பாலம், கப்பல் கட்டுபவருக்கு இதைவிடப் பயன்தரும் கணிதம் அப்போது இல்லை.

அதே 1794-இல் சென்னையிலும் ஒரு பள்ளி எழுந்தது. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில் உருவான அந்த நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. கம்பெனி ஆட்சிக்கு வேண்டியது நிலத்தின் அளவு. அங்கே அடிப்படை என்றால் கோணமும் முக்கோணமும்தான்.

பாரிஸில் நிலைமை விரைவில் மாறியது. கணிதர் லாப்லாஸின் செல்வாக்கால், நுண்கணிதத்தைச் சார்ந்த பகுப்பாய்வின் கை ஓங்க, மோஞின் வரைபலகை பின்னுக்குப் போனது. அகுஸ்தாங் லூயி கோஷி அங்கே ஆசிரியரானபின், எல்லை, தொடர்ச்சி, ஒருங்குதல் ஆகியவற்றைத் துல்லியமாக வரையறுத்து 1821-இல் தம் பாடநூலை வெளியிட்டார். கணித வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. ஆனால் வகுப்பில் இருந்தவர்கள் எதிர்காலப் பொறியாளர்கள். பாடம் நீள்கிறது, பயன்பாடு குறைகிறது என்று பள்ளி நிர்வாகமே கோஷியிடம் பலமுறை முறையிட்டது. செர்பூர் துறைமுகக் கட்டுமானத்தில் பணியாற்றியவரான அவருக்கு அந்த முறையீடு புரியாதிருக்க நியாயமில்லை. ஆயினும் அவர் தம் வழியை விடவில்லை. தொழில்துறைக்கு ஆள் வேண்டியவர்கள் 1829-இல் எகோல் சாந்த்ரால் என்ற வேறொரு பள்ளியை நிறுவித் தனிவழி கண்டனர். 1890-களில் ஜெர்மனியிலும் இதே பிணக்கு மூண்டது. கணித ஆசிரியர்களின் ஆதிக்கத்தை எதிர்த்தவர்களின் முன்னணியில் பெர்லின் பொறியியல் பேராசிரியர் அலாய்ஸ் ரீட்லர் நின்றார்.

இந்த நெடும் வழக்குக்கு உருப்படியான விடை தந்தவர் ஜான் பெரி என்றே நான் கருதுகிறேன். பெல்ஃபாஸ்ட் வார்ப்படச் சாலையில் தொழில் பழகி, டோக்கியோவில் பொறியியல் கற்பித்து, பிறகு லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தவர். அவருடைய முறையில் வரைபடத் தாளுக்கு முதலிடம். கப்பியில் தூக்கும் பாரத்தை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு பாரத்துக்கும் வேண்டிய விசையை அளந்து புள்ளி வைத்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்க்கோட்டில் விழும். கோட்டின் சாய்வு, பாரம் ஓர் அலகு கூடும்போது விசை எவ்வளவு கூடும் என்று சொல்லும். அச்சை வெட்டும் இடம், வெறும் கப்பியை அசைக்கவே எவ்வளவு விசை வேண்டும் என்று காட்டும். வளைகோடு வந்தால் சாய்வு இடத்துக்கிடம் மாறும்; வகைக்கெழு அங்கேயே பிறந்துவிடுகிறது. எல்லையின் கறாரான நிறுவலுக்கு மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. 1897-இல் வெளிவந்த அவருடைய பொறியாளர்களுக்கான நுண்கணித நூல் இந்த நோக்கில் எழுதப்பட்டது.

1901-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில், பள்ளிக் கணிதமே மாற வேண்டும் என்று பெரி வாதிட்டார். கல்லூரி வாசலில் தடுமாறும் மாணவரின் குறை பள்ளியில் தொடங்குகிறது என்பதை அவர் கண்டிருந்தார். சங்கம் அமைத்த குழுவுக்குத் தூய கணிதரான ஃபோர்சித் தலைமை ஏற்றார். இரு ஆண்டுகளில், 1903-இல், வடிவியல் தேற்றங்களை யூக்ளிடின் வரிசைப்படியே நிறுவ வேண்டும் என்ற கட்டாயத்தைக் கேம்பிரிட்ஜ் தன் தொடக்கநிலைத் தேர்விலிருந்து நீக்கியது.