பண்ணைக் கோழிகளில் குடல் வைரஸ்: கண்டறிவது எப்படி?

ஒரே நாளில் பொரித்து, ஒரே தீவனம் தின்னும் பிராய்லர் குஞ்சுகள் இரண்டாம் வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். சில கொட்டகைகளில் அப்படி இருப்பதில்லை. பாதிக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்திருக்க, மற்றவை சிறுத்து நிற்கும். எச்சம் தண்ணீராகப் போகும், அதில் செரிக்காத தீவனம் தெரியும், ஆழ்கூளம் ஈரமாகும், இறகு சரியாக முளைக்காது. பெரும்பாலும் கூட்டமாகச் சாவதில்லை என்பதால் இதை நோயாகவே பலர் நினைப்பதில்லை. நஷ்டம் எடை போடும் நாளில்தான் தெரியும்.

இதற்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் குடல் வைரஸ்கள். ரோட்டா, அஸ்ட்ரோ, ரியோ, பார்வோ ஆகியவை முக்கியமானவை. கொரோனா வகையும் உண்டு. அது பறவைகளுக்கு உரியது, கோவிட் வைரஸ் அல்ல.

முன்பு இவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தேடினார்கள். ரோட்டா சக்கரம் போலவும், அஸ்ட்ரோ நட்சத்திரம் போலவும் தெரிந்ததால்தான் அந்தப் பெயர்கள். இன்னொரு முறை, வைரஸின் மரபுப் பொருளை ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பது. ரோட்டாவுக்கு 11 துண்டுகள், ரியோவுக்கு 10. கோடுகளைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஆனால் வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் இவை பலன் தரும். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கலாமென்றால், இவற்றில் பல எளிதில் வளர்வதில்லை. எனவே இப்போது பிசிஆர் பரிசோதனையே முதன்மை. கோவிட் காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிக்குச் செய்த அதே வகைச் சோதனைதான்.

அதன் நுட்பமே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. 2005, 2006 ஆண்டுகளில் அமெரிக்காவில் 43 பிராய்லர் கூட்டங்களையும் 33 வான்கோழிக் கூட்டங்களையும் இப்படிச் சோதித்தார்கள். கோழிக் கூட்டங்களில் 86 சதவீதத்தில் அஸ்ட்ரோ, 62.8 சதவீதத்தில் ரியோ, 46.5 சதவீதத்தில் ரோட்டா. தேடிய எந்த வைரஸும் இல்லாதவை மொத்தம் 76 கூட்டங்களில் மூன்றே மூன்று. பெரும்பாலானவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வைரஸ்கள் சேர்ந்தே இருந்தன.

அப்படியானால், "பாசிட்டிவ்" என்று வரும் அறிக்கை மட்டும் நோய்க்குக் காரணத்தைச் சொல்லிவிடாது. நன்றாக வளரும் கூட்டத்திலும் அதே வைரஸ் இருக்கலாம். நம் பார்வையில், பண்ணைக்காரர்கள் அறிக்கையை வாங்கியதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: நோயுற்ற குஞ்சின் குடல் திசுவில் சேதம் தெரிகிறதா? அதே கொட்டகையின் நல்ல குஞ்சுகளிலும் வைரஸ் இருக்கிறதா? இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா சோதனையிலும் கவனம் தேவை. தாய்க்கோழிக்கு ரியோ தடுப்பூசி போட்டிருந்தால் குஞ்சின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும்.

மாதிரியை எப்போது எடுக்கிறோம் என்பது மிக முக்கியம். முதல் இரண்டு வாரங்களுக்குள், அறிகுறி தொடங்கியவுடன் எடுக்க வேண்டும். ஐந்தாம் வாரத்தில் குன்றிப்போன கோழியை அனுப்பினால், வைரஸ் போயிருக்கும், பாதிப்பு மட்டும் இருக்கும். செத்துக் கிடந்த குஞ்சின் குடல் விரைவில் அழுகிவிடுவதால், உயிருள்ள நோயுற்ற குஞ்சுகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே நல்லது. பிசிஆருக்குரிய குடல் மாதிரி ஐஸ் பெட்டியில் போக வேண்டும். திசுச் சோதனைக்கு உரியதை ஃபார்மலினில் தனியாக வைப்பார்கள்.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. இங்குள்ள பிராய்லர் குஞ்சுகளில் உள்ளுறுப்புகளில் யூரிக் உப்பு படியும் கவுட் நோய்க்கு அஸ்ட்ரோ வைரஸே காரணம் என்று 2013இல் ஓர் ஆய்வு வெளியானது.

சாப்பிடுவோருக்கு என்ன? கோழிக்கறியால் நமக்கு வரும் வயிற்றுக் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள். நன்றாக வேகவைத்தால் அவை அழியும். குடல் வைரஸ் விஷயத்தில் நமக்கு வரும் கவலை வேறு. கழிச்சல் என்றதும் சோதிக்காமலேயே குடிநீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் பண்ணைகளில் உண்டு. வைரஸை அது ஒன்றும் செய்யாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை மட்டும் வளர்த்துவிடும். மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தரக்கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது இந்த அச்சத்தால்தான்.