விடுதி அறையிலிருந்து நார்த்தாமலைக்கு

நீல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978இல் வெளியிட்ட ஆய்வுக்குக் கல்லூரி விடுதி மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுத்திருந்தார். 21 வாக்கியங்கள். முழுக்க ஒத்துக்கொள்வதிலிருந்து அடியோடு மறுப்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள். ஸ்டீரியோ அலறல், தியேட்டரில் மிட்டாய்த் தாள் சரசரப்பு, நூலகப் பேச்சு என்று போகும். சத்தம் எவ்வளவு என்பதை டெசிபல் மீட்டர் சொல்லிவிடும்; அதே சத்தத்தில் ஒருவர் தூங்க, இன்னொருவர் புரண்டு படுப்பதை அது சொல்லாது. கல்வியாண்டு போகப்போக, சத்தம் தாங்காத மாணவர்களின் எரிச்சல் கூடியது, மற்றவர்களிடம் மாற்றமில்லை. ‘போகப் போகப் பழகிடும்’ என்ற நம் சமாதானம் அங்கேயே அடிபட்டது.

பிறகு அந்தத் தாள் ஸ்வீடன், ஜெர்மனி, ஜப்பான், ஈரான் என்று சுற்றியது. ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவார். சிலரிடம் கேட்டுவிட்டு, ஓரிரு வாரம் கழித்து அவர்களிடமே மறுபடி கேட்பார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு கிரோன்பாக் 1951இல் தந்த ஆல்பா எண் இருக்கிறது. 0.7 தாண்டினால் பெரும்பாலும் நிம்மதி.

எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. தாளைத் தமிழாக்கி, பங்குனித் திருவிழா சமயத்தில் நார்த்தாமலை கிராமத்துக்குக் கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். ஸ்டீரியோவை எடுத்துவிட்டுக் கோயில் குழாய் ஒலிபெருக்கியைப் போட்டாயிற்று. “ஆத்தா பாட்டப் போயி இரைச்சல்னு சொல்லுவாகளா தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டால் எந்தப் படியில் குறிப்பது? ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை என்று அவரே அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் என்கிறது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு வம்பும் உண்டு. சத்தம் பொருட்டில்லை என்கிற வாக்கியங்களும் மூலத்தில் கலந்திருக்கும். அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். படித்த பிள்ளை தாளோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தால், முகம் வாட வேண்டாமே என்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாப்பா’ விழும். ஆல்பா சரியும். அந்த வாக்கியங்களை நீக்கினால் எண் ஏறிவிடும், தாளும் தேறிவிடும். அளந்தது என்னவோ ஊர்க்காரர்களுடைய மரியாதையை.

சாமி சம்பந்தமில்லாத சத்தங்களிலிருந்து தொடங்குவது உத்தமம்: கல்குவாரி வெடி, கிரஷர், ஏர்ஹாரன் அடிக்கும் பஸ். கோயிலைக் கடைசிக்குத் தள்ளலாம். அதோடு, ராத்திரி யார் எழுந்து உட்கார்ந்தது என்று அந்தப் பெரியவரின் மருமகளிடமும் தனியாகக் கேட்டுவிட வேண்டும்.