காட்டாத கணக்கு

நான் என்ன பேசப்போகிறேன் என்று இப்போதே சிரிக்கத் தயாராக இருக்கிற எதிரணி நண்பர்களே! காந்திக்குக் கோயில் கட்டிய காமயகவுண்டன்பட்டிப் பெருமக்களே!

தேர்தலில் பணம் புகுந்ததற்குப் பெரிதும் காரணம் கொடுப்பவரா, வாங்குபவரா? கொடுப்பவரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

காலையில் இந்த ஊர் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, இவர் காசு கொடுத்தாருன்னு அவர் சொல்றாரு. அவர் கொடுத்தாருன்னு இவர் சொல்றாரு. இதுல யாரு பொய் சொல்றது?" அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு பேருமே பொய் சொல்லலய்யா. அடுத்தவுகளப் பத்திப் பேசுறப்ப ரெண்டு பேருமே நெசத்தத்தான் பேசுறாக!" (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, நம் தேர்தல் வரலாறே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிப்போகும். 2009 ஜனவரியில் இதோ பக்கத்தில் திருமங்கலத்தில் இடைத்தேர்தல். 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நாடே பேசியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-இல் உங்கள் கம்பம் தொகுதியில் இடைத்தேர்தல். அ.தி.மு.க. களத்திற்கே வராமல் புறக்கணித்தது. அப்போது ஆளுங்கட்சி தி.மு.க. பிறகு ஆட்சி மாறியது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் சட்டமன்றத் தேர்தலையே ரத்து செய்தது. அப்போது இரண்டு பெரிய கட்சிகளின் மேலும் புகார். ஆக, நாற்காலி மாறியது, ஆள் மாறியது. குற்றச்சாட்டு மட்டும் மாறவே இல்லை!

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "நீட்டுகிற கை இருந்தால்தானே வைக்கிற கை இருக்கும்" என்றார். அழகான வாசகம். அவரை அப்படியே கையைப் பிடித்து ஆண்டிபட்டிக்கு அழைத்துப் போகிறேன்.

2019 ஏப்ரல் 16 இரவு. வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள். ஆண்டிபட்டியில் அ.ம.மு.க. அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித்துறை சோதனை. தள்ளுமுள்ளு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. கைப்பற்றியது 1 கோடியே 48 லட்சம் ரூபாய். அந்தக் கட்சி மறுத்தது. யாருடைய பணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வருமான வரித்துறை சொன்ன ஒரு விவரம் என்னைத் தூங்கவிடவில்லை. பணம் உறை உறையாகக் கட்டியிருந்தது. உறையின் மேலே வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்ற குறிப்பு!

இப்போது சொல்லுங்கள், வார்டு எண்ணை எழுதியது யார்? தலையை எண்ணியது யார்? முந்நூறு என்று விலை போட்டது யார்? கையை நீட்டியவளா எழுதினாள்? அவளைக் கேட்காமலேயே அவளுக்கு விலை போட்டாகிவிட்டதே! அன்றைக்கு ஒரு சட்டமன்ற வேட்பாளருக்குச் சட்டம் அனுமதித்த செலவு 28 லட்சம். பிடிபட்டதோ அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். தேர்தலில் கணக்கு இல்லை என்று யார் சொன்னது? துல்லியமான கணக்கு இருக்கிறது. காட்டுகிற கணக்கு வேறு, கட்டுகிற கணக்கு வேறு! (கைதட்டல்)

இந்த ஓட்டை எங்கே விழுந்தது? 1974 அக்டோபர் 3. கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்று சொல்லி ஒரு டெல்லி எம்.பி.யின் வெற்றியைச் செல்லாதாக்கியது. நல்ல தீர்ப்பு. ஆயுசு எத்தனை நாள் தெரியுமா? அதே மாதம் 19-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. கட்சியும் நண்பர்களும் செய்கிற செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று ஆகிவிட்டது. 2003-இல் அந்தச் சலுகையைச் சுருக்கினார்கள். ஆனால் கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. வேலியைப் பிரித்தவரே வெள்ளாட்டைத் திட்டலாமா?

கி.பி. 919, 921. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். அது பிராமணர் சபை, எல்லாருக்கும் ஓட்டு இல்லை. அந்தக் குறையை மறைக்கமாட்டேன். ஆனாலும் ஒரு விதி வைத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. அவனுடைய உறவினர் பெயரும் போகக்கூடாது! இன்றைக்கு? தேர்தல் முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு தகுதியிழப்பு. ஆனால் கொடுக்கிற கணக்கில் உறைக்கு இடமேது?

பெருமக்களே, வாங்குவதும் சட்டப்படி குற்றம்தான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து சுதந்திரத்திற்காகச் சிறைக்குப் போனார்களே, அவர்கள் முந்நூறு ரூபாய்க்கா போனார்கள்? நீங்கள் கோயில் கட்டிய அந்தக் கிழவர் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசை நடத்தியபோது வசூலான பணத்திற்கெல்லாம் கணக்கு வைத்தவர். அவரைக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு, அவர் படம் போட்ட நோட்டை உறைக்குள் அனுப்புகிறார்கள்.

அடுத்த தடவை வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வந்து எதிராளியின் கணக்கைப் பேசினால், மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்: "அது இருக்கட்டும்யா. ஒங்க கணக்கக் காட்டுங்க!"