மலிவுக் கைத்துப்பாக்கி (அமெரிக்கா)

மலிவுக் கைத்துப்பாக்கி என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கூலிவேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலைக்கு விற்கப்பட்டுவரும் ரிவால்வர், பிஸ்டல் வகைகளைக் குறிக்கும். இதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட வரையறை கிடையாது. குழலின் நீளம், உலோகத்தின் உருகுநிலை, தரையில் விழுந்தால் வெடிக்குமா வெடிக்காதா என ஒவ்வொரு சட்டமும் ஒவ்வோர் அளவுகோலைக் கொண்டது. வாங்கத் தகுமா என்ற கேள்வி மட்டும் தொடக்கத்திலிருந்தே உடன்வருகிறது. வாங்க வந்தவர்கள் விசையை இழுத்தால் சுடுமா என்று கேட்டார்கள். நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இழுக்காமலே சுட்டுவிடுமா என்று கேட்டன. பட்டறைகளில் திருட்டுத்தனமாகச் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கிகள் இக்கட்டுரையில் அடங்கா.

தொடக்கக் காலம்

தோட்டாவைப் பின்புறமிருந்து இடும்படி துளைத்த உருளைக்கான காப்புரிமை ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் கைப்பிடியில் இருந்தவரை மற்றவர்கள் ஒதுங்கி நின்றனர். 1869இல் அது காலாவதியானது. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் சிறு ஆலைகள் ஓரிரு டாலர் விலையில் சின்னஞ்சிறு ரிவால்வர்களைக் கொட்டிக் குவித்தன. விசைக்குக் காப்பு வளையம் கிடையாது. பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரும் கிடையாது. அதை ஈடுகட்டுவதுபோலக் குழலின்மேல் வீராப்பான பெயர்கள் பொறிக்கப்பட்டன. 'நாடோடிகளின் நடுக்கம்' என்று பொருள்படும் டிராம்ப்ஸ் டெரர் அவற்றில் ஒன்று. ரெட் ஜாக்கெட், டிஃபெண்டர் என்பவை வேறு சில. சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் இவ்வகைக்கு 'சூசைட் ஸ்பெஷல்' என்று பெயரிட்டனர். இரண்டாம் தடவை சுடும் அளவுக்கு நம்ப முடியாதது என்ற கேலி அதில் இருப்பதாகச் சொல்வார்கள்.

டென்னசி மாநிலம் 1879இல் ராணுவ, கடற்படை வகைப் பிஸ்டல்களைத் தவிர மற்றவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. 1881இல் ஆர்கன்சா பின்தொடர்ந்தது. அனுமதிக்கப்பட்டவை விலை கூடியவை. ஆகவே விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கைக்கு ஆயுதம் எட்டாதபடி செய்யவே இச்சட்டங்கள் வந்தன என்று ஒரு சாரார் எழுதியுள்ளனர். மறைத்து எடுத்துச்செல்லும் பழக்கத்தை ஒடுக்குவதே நோக்கம் என்பது மறுசாரார் வாதம். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதாகத் தோன்றவில்லை.

அடுத்த தலைமுறையில் மலிவும் தரமும் ஓரளவு சேர்ந்து வந்தன. மாசசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க் நகரில் ஐவர் ஜான்சன் நிறுவனம் செய்த ரிவால்வரில், விசையை முழுவதும் இழுத்தாலன்றிச் சுத்தியின் அடி ஊசிக்குப் போய்ச்சேராது. சுத்தியலால் துப்பாக்கியின் சுத்தியை ஓங்கி அடித்துக் காட்டுவதே அதன் விளம்பரம். இன்னொரு விளம்பரத்தில், இரவு உடையில் படுக்கையில் இருக்கும் சிறுமி பொம்மையைப் பக்கத்தில் போட்டுவிட்டு ரிவால்வரை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள். 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சுட்டது இந்நிறுவனத்தின் .32 ரிவால்வர்தான். கொலையாளி அதற்குக் கொடுத்த விலை 4.50 டாலர் என்பது பலரும் தரும் கணக்கு.

1927இல் அரசு அஞ்சலில் கைத்துப்பாக்கி அனுப்புவதற்குத் தடை வந்தது. தனியார் பார்சல் நிறுவனங்கள் வழியே அஞ்சல்வழி வணிகம் தொடர்ந்தது.

லிபரேட்டர்

விற்பனைக்கென்று செய்யப்படாத ஒரு துப்பாக்கிக்கு இக்கட்டுரையில் இடம் தருவது முறையல்ல என்று சொல்லலாம். ஆயினும் மலிவின் எல்லை எதுவென்று காட்டியது அதுவே. 1942இல், ஜெனரல் மோட்டார்ஸின் கார் விளக்குகள் செய்யும் கைட் லேம்ப் பிரிவு, இண்டியானாவின் ஆண்டர்சன் நகரில் எஃப்.பி.-45 என்ற பிஸ்டலை ஏறத்தாழ பத்து லட்சம் எண்ணிக்கையில் செய்து முடித்தது. சில மாதங்களுக்குள் வேலை முடிந்துவிட்டது. தகடுகளை அச்சில் அழுத்திப் பற்றவைத்த உடல், உள்ளே வரியில்லாத குழல், ஒரே .45 தோட்டா. ஒன்றுக்கு அடக்கவிலை இரண்டு டாலருக்குச் சற்று மேல். கமுக்கத்துக்காக ஆவணங்களில் 'ஒளிக்குண்டு எறிவி' என்று பெயர். ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் வானிலிருந்து போட்டால், எடுத்தவர் எதிரிச் சிப்பாயை நெருங்கிச் சுட்டு அவன் துப்பாக்கியைப் பறித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

மெழுகு பூசிய அட்டைப்பெட்டியில் பத்துத் தோட்டாக்கள், ஒரு மரக்குச்சி, சித்திரக்கதைபோல் வரைந்த ஒரு தாள். எந்த மொழிக்காரர் கையில் கிடைக்கும் என்று தெரியாததால் தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. சுட்ட தோட்டாக்கூட்டைக் குத்தி வெளியே தள்ளத்தான் அந்த மரக்குச்சி. மறுபடி தோட்டா இடுவதற்கு ஆகும் நேரம், ஆலையில் ஒரு துப்பாக்கி வெளிவரும் நேரத்தைவிட அதிகம் என்ற கணக்கு பல நூல்களில் சொல்லப்படுகிறது. தளபதிகளுக்கு இதில் ஆர்வம் ஏற்படவில்லை. திட்டமிட்டபடி விநியோகம் நடக்காமல் பெரும்பகுதி உருக்கி அழிக்கப்பட்டது. எஞ்சியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள்; குச்சியும் தாளும் சேர்ந்திருந்தால் விலை இன்னும் கூடுதல்.

1968 சட்டம்

போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து சின்ன ரிவால்வர்களும் பிஸ்டல்களும் மிக மலிவாக இறக்குமதியாயின. இவற்றுக்கு நிலைத்துவிட்ட பட்டப்பெயர் 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்'. சனிக்கிழமை சம்பளம், இரவில் குடி, பின் அடிதடி என்ற தொடர்ச்சியைக் குறிப்பது இது என்பர். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழைய வசையிலிருந்து வந்தது என்று 1976இல் ஒரு கட்டுரையாளர் எழுதியதை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. 1975இல் லினர்ட் ஸ்கினர்ட் இசைக்குழு 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்ற பெயரிலேயே ஒரு பாடலை வெளியிட்டது.

ராபர்ட் கென்னடி சுடப்பட்ட 1968ஆம் ஆண்டின் அக்டோபர் 22 அன்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். (கென்னடியைச் சுட்டதும் ஐவர் ஜான்சன் செய்த .22 ரிவால்வரே.) விளையாட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்ற துப்பாக்கிகளை மட்டுமே இனி இறக்குமதி செய்யலாம் என்பது விதி. நீளம், எடை, குழல், பாதுகாப்பு அமைப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் படிவம் வந்தது. பிஸ்டலுக்கு 75, ரிவால்வருக்கு 45 வாங்கினால் தேர்ச்சி. விலை உயர்ந்த வால்தர் பிபிகேகூட உயரம் போதாமல் தோற்றது. அண்ணன் துப்பாக்கியான பிபியின் உடலில் தம்பியின் நகரும் மேற்பகுதியை (ஸ்லைடு) பொருத்திப் பிபிகே/எஸ் என்று செய்து உள்ளே அனுப்பினார்கள்.

சட்டம் முழுத் துப்பாக்கியைத் தடுத்ததே தவிர உதிரிபாகங்களைத் தடுக்கவில்லை. ஜெர்மனியின் ரோம் நிறுவனத்து ரிவால்வர்கள் மயாமியில் ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. 1981 மார்ச் 30 அன்று குடியரசுத் தலைவர் ரீகனைச் சுடப் பயன்பட்டது டல்லஸ் அடகுக்கடையில் வாங்கிய ஆர்.ஜி.-14. உள்நாட்டு மலிவுத் துப்பாக்கிகளையும் தடைசெய்யும் மசோதா 1972இல் செனட்டில் நிறைவேறிப் பிரதிநிதிகள் அவையில் நின்றுபோயிருந்தது.

நெருப்பு வளையம்

மலிவுக் கைத்துப்பாக்கி பற்றி விரிவாகப் பதிவாகியுள்ள காலம் 1970 முதல் 2004 வரையிலானது. வழக்குகளும் விசாரணைகளும் அதற்குக் காரணம்.

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் விமானத் தொழிலுக்கு உதிரிபாகம் செய்துவந்த ஜார்ஜ் ஜென்னிங்ஸ், 1970இல் ரேவன் ஆர்ம்ஸைத் தொடங்கினார். இறக்குமதி நின்றுபோனதில் சரக்குக் கிடைக்காத அடகுக்கடைக்காரர் ஒருவர் சொன்ன யோசனை அது என்று கூறப்படுகிறது. அவர் செய்த .25 பிஸ்டலின் உடல் எஃகு அல்ல, ஜமக். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துக் கோத்த பெயர் இது. கார் கைப்பிடிகளும் பொம்மைக் கார்களும் இதில்தான் வார்க்கப்படுகின்றன. ஏறத்தாழ 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் அச்சில் ஊற்றி எடுப்பது எளிது. கடைசல் வேலை மிகக் குறைவு. விலை குறைந்ததன் ரகசியம் முழுவதும் அங்கேதான். குழலுக்குள் மட்டும் எஃகு இருக்கும். சுடும்போது ஸ்லைடின் எடையும் சுருள்வில்லும் மட்டுமே பின்னுதையைத் தாங்கும் எளிய அமைப்பு; .25 போன்ற வலுக்குறைந்த தோட்டாவுக்கு அது போதும்.

மகன் புரூஸ் 1978இல் ஜென்னிங்ஸ் ஃபயர்ஆர்ம்ஸையும், மருமகன் ஜிம் டேவிஸ் 1982இல் டேவிஸ் இண்டஸ்ட்ரீஸையும் தொடங்கினர். பிரைகோ, லோர்சின், ஃபீனிக்ஸ், சண்டான்ஸ் என்று பெயர்கள் பெருகின. உறவும் நட்பும் தொழில்நுட்பமும் இவற்றுக்குப் பெரிதும் பொது. ரேவன் ஆலை 1991இல் தீக்கிரையானது. இந்நிறுவனங்களுக்கு 'நெருப்பு வளையம்' என்ற பெயர் அதற்குப் பிறகே, 1994இல் மருத்துவர் காரன் வின்டிமியூட் வெளியிட்ட ஆய்வின் தலைப்பிலிருந்து வந்தது; தீவிபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இவர்களுடையது.

பொருளின் பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரம் கூட்டரசு அமைப்பு எதனிடமும் இல்லை. 1972இன் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளை விலக்கிவைத்திருந்தது. ஜமக்கில் வார்த்த பொம்மைக் காருக்கு உண்டான மேற்பார்வை, அதே ஜமக்கில் வார்த்த பிஸ்டலுக்கு இல்லை.

1994இல் கலிஃபோர்னியாவில், ஒரு வீட்டில் இருந்த பிரைகோ பிஸ்டலின் தோட்டாவை வெளியே எடுக்க முயன்றபோது அது வெடித்தது. ஏழு வயதுச் சிறுவனின் தாடையில் குண்டு பாய்ந்து, கழுத்துக்குக் கீழே அவன் உடல் செயலிழந்தது. பாதுகாப்புக் கொண்டியைச் 'சுடு' நிலைக்குத் தள்ளினால்தான் தோட்டாவை எடுக்க முடியும் என்ற அமைப்பு வழக்கின் மையமாயிற்று. தோட்டா சிக்கிக்கொள்ளும் குறையை மறைக்கவே அவ்வாறு மாற்றினார்கள் என்று வாதித்தரப்பு கூறியது. துப்பாக்கியைப் பிடித்திருந்தவரின் கவனக்குறைவே காரணம் என்றது நிறுவனம். ஜூரி இருதரப்புக்கும் பொறுப்பைப் பகிர்ந்தது. 2003இல் உற்பத்தித் தரப்பின் தலையில் விழுந்த பங்கு ஏறத்தாழ 2.4 கோடி டாலர். லோர்சின் 1996இலும் டேவிஸ் 1999இலும் திவாலாகியிருந்தன. தீர்ப்பையடுத்துப் பிரைகோவும் அந்த வழியில் போனது.

2004இல் பிரைகோவின் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, அச்சுகளையும் மிச்சத் துப்பாக்கிகளையும் வாங்கி உருக்கிவிட வேண்டும் என்று, அப்போது பதின்பருவத்தில் இருந்த அதே சிறுவன் நன்கொடை திரட்டி ஏலம் கேட்டான். 5,10,000 டாலருக்கு எடுத்தவர் ஆலையின் முன்னாள் ஊழியர் பால் ஹிமெனெஸ். சிறுவன் கேட்ட தொகை அதைவிட ஐயாயிரம் டாலர் குறைவு. ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் உற்பத்தி தொடர்ந்தது.

மாநிலச் சட்டங்கள்

உருகுநிலையை அளவுகோலாக்கிய மாநிலங்கள் உண்டு. தென் கரோலினா, இல்லினாய், ஹவாய் ஆகியவை 800 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 427 செல்சியஸ்) என்றும், மினசோட்டா 1,000 என்றும் வைத்தன. ஜமக்கைக் குறிவைத்த எண்கள் இவை. உருகுநிலைக்கும் விழுந்தால் வெடிப்பதற்கும் நேர்த்தொடர்பில்லை என்று பொறியியலாளர்கள் குறைகூறினர்.

மேரிலாந்தின் உச்ச நீதிமன்றம் 1985இல், இவ்வகைத் துப்பாக்கியைச் செய்து விற்பவரே அதனால் விளையும் குற்றத்துக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று ஆர்.ஜி. வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் 1988இல் அதை மாற்றி, அனுமதித்த துப்பாக்கிகளின் பட்டியல் ஒன்றை ஏற்படுத்தியது. அதே ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் அதை உறுதிசெய்தனர். கலிஃபோர்னியா 1999இல் சட்டமியற்றி 2001 முதல் ஆய்வகச் சோதனையைக் கட்டாயமாக்கியது: 600 தோட்டா சுட்டால் ஆறு தடவைக்குமேல் மக்கர் செய்யக்கூடாது, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆறு கோணங்களில் காங்கிரீட்டில் போட்டாலும் வெடிக்கக்கூடாது. வாங்குபவர் கேள்வியும் நீதிபதி கேள்வியும் இங்கே ஒரே தாளில் எழுதப்பட்டன.

2005இல் கூட்டரசுச் சட்டம் ஒன்று உற்பத்தியாளர்மீது தொடுக்கும் பெரும்பாலான வழக்குகளுக்குக் கதவடைத்தது.

வாங்குவோர் யார்

குற்றவாளிகள் மலிவானதையே நாடுகிறார்கள் என்ற கருத்தை, பத்து மாநிலச் சிறைகளில் 1,800க்கும் மேற்பட்ட கைதிகளிடம் ரைட், ராஸி இருவரும் நடத்திய ஆய்வு (1986) ஆதரிக்கவில்லை. பலர் நல்ல தரமான, பெரிய துப்பாக்கியையே விரும்பினர். குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகளின் பதிவுகளில் ரேவன், லோர்சின், டேவிஸ் பெயர்கள் திரும்பத்திரும்ப வந்ததும் உண்மை. விற்ற எண்ணிக்கை பெரிதென்பதால் அப்படியா, வேறு காரணமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆபத்தான தெருக்களில் வாழும் ஏழைக்குத் தற்காப்பு வேண்டாமா என்ற வாதமும் 1879இலிருந்து ஓயவில்லை.

அண்மைக்காலம்

ஓஹாயோவின் ஹை-பாயிண்ட் நிறுவனம் ஜமக்கை 9 மி.மீ. தோட்டாவுக்குக் கொண்டுவந்தது. அதே எளிய அமைப்பில் வலுவான தோட்டாவைத் தாங்க ஸ்லைடைப் பருமனாக்க வேண்டியிருந்தது. ஆகவே சி9 பிஸ்டல் 800 கிராமுக்கு மேல் கனக்கிறது. கொள்வதோ எட்டுத் தோட்டா. அழகில்லை என்பதில் அதன் ரசிகர்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. யார் கையில் இருந்தாலும், எத்தனையாவது உரிமையாளரானாலும், பழுதானால் கட்டணமின்றிச் சரிசெய்து தரும் உத்தரவாதம் அதன் பெயரைக் காப்பாற்றியது. 2019இல் புதிய மாடலுக்குப் பெயர் கேட்டு இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தபோது, இளைஞர்கள் கேலியாக முன்மொழிந்த 'யீட் கேனன்' வென்றது. 'வீசியெறி பீரங்கி' என்று அதைச் சொல்லலாம். நிறுவனம் தயங்கிப் பின் ஏற்றுக்கொண்டது.

பிளாஸ்டிக் உடல் பரவலானபின் டாரஸ், ரூகர், ஸ்மித் அண்ட் வெஸன் ஆகியவையும் இந்த விலைப் பிரிவில் இறங்கின. விழுந்தால் வெடிக்கும் என்ற புகாரில் டாரஸ் தன் ஒன்பது மாடல்களுக்கான கூட்டு வழக்கை 2015இல் சமரசத்தில் முடித்தது. காவல்துறைகள் மாற்றிக்கொடுக்கும் பழைய துப்பாக்கிகளையும் சிலர் தேடி வாங்குகின்றனர். பயிற்சிக்குச் சுடும் ஆயிரம் 9 மி.மீ. தோட்டாவின் விலை, ஒரு ஹை-பாயிண்டின் விலையை எட்டிவிடுகிறது. ஹிமெனெஸ் ஆர்ம்ஸ் 2020இல் திவாலானது.