வரி கட்டிய உப்பு

திருக்காட்டுப்பள்ளியில் எது விளையாது? காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர். நெல், வாழை, கரும்பு, வெற்றிலை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். உப்பு மட்டும் அன்றைய தஞ்சை ஜில்லாவின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். அடுப்போரம் சட்டியில் கிடக்கும் அந்தக் கல் உப்பு ஐப்பசி மழையில் கசிந்து, அடியில் நீர் கட்டி, கையை விட்டால் விரலெல்லாம் பிசுபிசுக்கும். கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஈரத்தைக் கண்டால் கரையத்தான் பார்க்கிறது.

அது புறப்படுகிற இடம் வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளி. கடல்நீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குள் விடுவார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் கனத்து, மேலே ஆடை கட்டி, மணி மணியாக அடியில் இறங்கும். பலகையால் வாரி வரப்பில் குவித்து, அம்பாரமாக்கிக் கீற்று போட்டு மூடுவார்கள். ஒரு கோடைமழை போதும், மாசக்கணக்கான உழைப்பு மறுபடி தண்ணீராகிவிட. பாத்தியே கட்டாமல் சதுப்பில் தானாகப் பூக்கிற உப்பும் அந்தப் பக்கம் உண்டு. வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அதுதான் பெரிய தலைவலி. காவல் போட்டது, எடுத்தவனைப் பிடித்தது.

அன்று உப்பை விளைவிக்கிறவருக்கு லைசென்ஸ் தேவைப்பட்டது. உப்பு இலாகாவுக்கு வரி கட்டிய பிறகே அம்பாரம் உப்பளத்தை விட்டு நகர்ந்தது. 1930-ல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. ஒரு மணங்கு 82 பவுண்டு என்றால் பவுண்டுக்கு ஏறக்குறைய 3 பை, பழைய கணக்கில். மிராசுதாருக்கு அது தூசு. நெல்லாகக் கூலி வாங்குகிறவனின் கஞ்சிக்கும் அதே 3 பை என்பதுதான் அநியாயம்.

இந்த ஏற்பாட்டில் நஷ்டப்படாதவர்கள் லைசென்ஸ் வைத்திருந்த வியாபாரிகள். வரியைச் சரக்கின் தலையில் வைத்து விற்றுவிடலாம். அ. வேதரத்தினம் பிள்ளை அப்படியொரு வீட்டுப் பிள்ளை. 1897-ல் பிறந்தவர், தாயுமான சுவாமிகளின் மரபு, தலைமுறையாக உப்பு வியாபாரம். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு ராஜாஜி வேதாரண்யத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் கடற்கரை. இன்னொரு காரணம் இவர். உப்பில் சம்பாதித்தவர் ஒருவரே உப்புச் சட்டத்தை உடைக்க வீட்டைத் திறந்து வைக்கிறார் என்றால், பந்தயத்தில் தன் லைசென்ஸையும் சொத்தையும் சேர்த்தே வைக்கிறார் என்று அர்த்தம். தலைவர்களுக்குச் சிறை மட்டும்தான் காத்திருந்தது. இவருக்கு அதற்கு மேலும் இருந்தது. நம் பாடப்புத்தகங்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டதில்லை.

உப்பு வருகிற வழியில் எதிர்த்திசையாக ராஜாஜியின் ஊர்வலம் போனது. 1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள், திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டிலிருந்து நூறு பேர் அளவில் கிளம்பினார்கள். கோவிலடியில் தஞ்சை ஜில்லாவுக்குள் கால் வைத்து, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஆற்றோடு ஆறாக நடந்தார்கள். கலெக்டர் தார்ன் முந்திக்கொண்டிருந்தார். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று உத்தரவு. தஞ்சாவூர்க்காரனிடம் போய்ச் சோறு போடாதே என்று சொன்ன துரைக்கு ஊர் புரியவில்லை. கட்டுச்சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. கையும் களவுமாகப் பிடிக்க மரத்தடியில் ஆள் இருந்தால்தானே!

28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தபோது முகாமுக்கான ஏற்பாடெல்லாம் வேதரத்தினம் பிள்ளையுடையது. 30-ஆம் தேதி காலை ராஜாஜி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார், கைதானார், ஆறு மாதம். அதன்பின் தினமும் தொண்டர்கள் போனார்கள், அள்ளினார்கள், மூடிய கையைத் திறக்கவில்லை. போலீஸ் விரல்களைப் பிரித்துப் பார்த்தது, முடியாவிட்டால் தடியால் மணிக்கட்டில் அடித்தது. இதே உப்புத்தான் வரி கட்டிவிட்டால் மூட்டையாகித் திருக்காட்டுப்பள்ளிக் கடைக்கு யாரும் கேட்காமல் வந்து சேரும். வேதாரண்யத்து நாவிதர் வைரப்பன், சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டுச் சிறை போனதும் அந்த நாட்களில்தான்.

வேதரத்தினம் பிள்ளையும் சிறை போனார். அவருடைய சொத்துகளை அரசாங்கம் பறிமுதல் செய்தது. ஜனங்கள் 'சர்தார்' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். பட்டத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்தது. உப்பு கிடைக்கிற இடத்தை ஒட்டிய கிராமத்தார் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், தங்கள் ஊருக்குள் விற்கலாம். வெளியூருக்குக் கொண்டுபோய் விற்கக் கூடாது. ஆக, அகஸ்தியம்பள்ளி வீட்டில் வரியில்லா உப்பு, ஊர்வலம் நடந்துபோன திருக்காட்டுப்பள்ளியில் பழையபடி வரி கட்டிய உப்பு. மேற்கே வந்த ஒவ்வொரு மூட்டையும் இன்னும் பதினாறு வருஷம் இலாகாவுக்குக் கப்பம் கட்டியே வந்தது. இதற்குள் பிள்ளை வியாபாரத்தைவிடப் பெண்பிள்ளைகளின் படிப்பைத்தான் பெரிதாக நினைக்க ஆரம்பித்திருந்தார். 1946-ல் வேதாரண்யத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். மறுவருஷம், 1947 ஏப்ரலில், நேருவின் இடைக்கால அரசு உப்பு வரியை எடுத்தது.