ஒரே தகரம், மூன்று கூரைகள்: மலையகத் தேயிலைத் தொழிற்சாலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

கட்டடக்கலை வரலாறு என்றதும் கோயில்களும் அரண்மனைகளுமே நமது ஆய்வாளருக்கு நினைவில் எழுகின்றன. வாணிபத் தேவையினின்று பிறந்த கட்டடப் பொருட்களுக்கு அவ்வரலாற்றிலே உரிய இடம் கிடைப்பதில்லை. நெளிதகரம் அத்தகைய பொருட்களுள் ஒன்று. அண்மைக் காலத்தில் வணிகக் கட்டடங்களை வடிவமைப்போர் இதனை நிலைபேறான பொருள் எனப் போற்றத் தொடங்கியுள்ளனர். எடை குறைந்தது, நெடுநாள் உழைப்பது, உருக்கி மீண்டும் பயன்படுத்தத்தக்கது என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயின் இலங்கை மலையகத்திலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் இத்தகரத்தின் கீழ் வாழ்ந்து வந்துள்ளனர். அவ்வாழ்க்கையைக் கணக்கிற் கொள்ளாது இப்புகழ்ச்சியை அப்படியே ஏற்றுக்கொள்வது வரலாற்று நோக்கிற்குப் பொருந்துவதன்று.

நெளிதகரம் துறைமுகத்திற் பிறந்தது. இலண்டன் கப்பற்றுறைக் கம்பனியின் பொறியியலாளராகிய ஹென்றி ரொபின்சன் பாமர் 1829இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். 1818இல் பிரித்தானியக் குடிசார் பொறியியலாளர் நிறுவகத்தைத் தோற்றுவித்தோருள் முன்னின்றவரும் இவரே. மெல்லிய இரும்புத் தகட்டைத் தட்டையாக விரித்தால் அது தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். அதே தகட்டை அலை அலையாக நெளித்தால், நெளிவின் ஆழம் காரணமாக, அது வளையாது நெடுந்தூரம் தாங்கி நிற்கும். குருத்தோலையின் மடிப்பு விரியாதவரை அது விறைப்பாக நிற்பதைப் பனையடியில் வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் தேவதாரெண்ணெய்ப் பீப்பாய்களை வைக்கும் கொட்டகைக்கு இத்தகட்டினாற் கூரை அமைக்கப்பட்டது. அதன் தடிப்பு அங்குலத்தின் பத்திலொரு பங்கை மிஞ்சாது என அக்காலத்துப் பார்வையாளர் ஒருவர் வியந்து எழுதியுள்ளார்.

துருவே இதன் பெருங்குறையாக இருந்தது. 1837இல் பிரான்சைச் சேர்ந்த சொரல் என்பார் உருகிய நாகத்திலே இரும்பைத் தோய்த்துப் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாமரின் காப்புரிமை 1843இல் முடிவுற்றதும் பலரும் இத்தகட்டை உற்பத்தி செய்யத் தொடங்கினர். 1849இல் கலிபோர்ணியாவிலும் 1851இல் அவுஸ்திரேலியாவிலும் பொன் தேடிச் சென்றோரின் குடியிருப்புகளுக்கும் களஞ்சியங்களுக்கும் இங்கிலாந்திலிருந்து தகரக் கட்டடங்கள் கப்பலேறின. நெளிதகரத்தின் நெளிவுகள் ஒன்றினுள் ஒன்று பொருந்துவதால், அடுக்கிக் கட்டினால் கப்பலில் அது பிடிக்கும் இடம் மிகச் சிறிது. குடியேற்ற நாடுகளுக்கு இது பரவியமைக்கு இவ்வடுக்குந் தன்மையே முதற் காரணம் என்பது எமது கருத்து. சமதர்மவாதியான வில்லியம் மொறிஸ் தமது நாட்டுக் கிராமங்களின் எழிலை இது கெடுப்பதாக மனம் நொந்தார். பழைய கட்டடங்களின் அழகு பற்றிய அவரது கவலை நியாயமானதே. எனினும் கடல் கடந்த தோட்டங்களில் இதே தகடு எவர் தலைக்கு மேல் ஏறியது என்ற வினா அக்கவலையினுள் அடங்கவில்லை.

1869இல் இலை நோய் தோன்றிக் கோப்பிச் செய்கை அழிந்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பிடித்தது. கோப்பிக்குக் காயவிடும் தளமும் களஞ்சியமும் போதுமாயிருந்தன. தேயிலையோ, பறித்த கொழுந்தை அன்றே வாட்டத் தொடங்கி, அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தவேண்டிய பயிராகும். ஆகவே தோட்டத்தின் நடுவே ஒரு தொழிற்சாலை இன்றியமையாததாயிற்று. 1885இல் நானுஓயா வரை புகையிரதப் பாதை எட்டியமையும் பாரமான பொருட்களை மலைக்குக் கொண்டுசெல்வதை எளிதாக்கிற்று. உலர்த்தும் அடுப்புகள் கனன்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்கு வைக்கோலோ புல்லோ வேய்தல் இயலாது. பல மாடிகளையும் கற்சுவரால் எழுப்புவது பெருஞ்செலவு. இலேசான சட்டகம் நாட்டி, சுவரையும் கூரையையும் நெளிதகரத்தால் மூடுவதே சிக்கனமான வழியாயிற்று.

இத்தொழிற்சாலை வெறுங் கொட்டகையன்று. அது காற்றை ஆளுவதற்காக அமைந்த ஒரு கருவி எனலாம். மேல்மாடிகளில் நிரை நிரையாகக் கட்டிய சாக்குத் தட்டுகளிற் கொழுந்து மெல்லிதாகப் பரப்பப்பட்டது. உலர்ந்த காலத்தில் இருபுறத்துச் சாளரங்களையும் திறந்து மலைக்காற்றை உள்ளே விட்டனர். மழைக்காலத்திற் கீழ்த்தளத்து உலர்த்திகளின் வெப்பக் காற்று பெரு விசிறிகளால் மேலே இழுக்கப்பட்டது. நொதிக்கும் அறை மட்டும் குளிர்ச்சியும் ஈரமும் உடையதாகப் பேணப்பட்டது. காற்றின் ஈரத்தை அறிய உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் வைக்கப்பட்டன. வீணாகும் வெப்பத்தை மீண்டும் பயன்படுத்தல், இயற்கைக் காற்றோட்டத்துக்கு முதலிடம் அளித்தல், கழற்றி மாற்றத்தக்க உறுப்புகளால் கட்டுதல் எனத் தற்கால நிலைபேறான வடிவமைப்பு வலியுறுத்தும் அம்சங்கள் யாவும் இங்கு இருந்தன. ஆயின் அவை கொழுந்தின் நலன் கருதி அமைந்தவை.

அதே தகரம் துரையின் பங்களாவையும் மூடிற்று. அங்கே கூரைக்குக் கீழே பலகைத் தட்டு இருந்தது; இரண்டுக்கும் இடைப்பட்ட காற்று வெயிலையும் குளிரையும் தணித்தது. கணப்படுப்பும் இருந்தது. மூன்றாவது கூரை லயத்தினுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா. அதனுள்ளே ஒரு குடும்பம். பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. தகரத்துக்கும் உறங்குவோருக்கும் இடையே எதுவுமில்லை. உலோகத் தகடு வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ அற்றது. பழைய, துருப்பிடித்த தகடு பகலில் வெயிலை உறிஞ்சி உள்ளே கொதிக்கும். தெளிந்த இரவிலே வானத்துக்கு வெப்பத்தை இழந்து சூழ்ந்த காற்றினும் குளிர்ந்துவிடும். அப்போது மூச்சின் ஈரமும் அடுப்பின் நீராவியும் அதன் அடிப்புறத்தில் நீராகப் படிந்து பாயில் சொட்டும். பெருமழையில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேளாது. கொழுந்து கிடந்த மாடியின் ஈரத்தை அளக்க வெப்பமானி வைத்த நிருவாகம், அக்கொழுந்தைப் பறித்தவர் உறங்கிய அறைக்கு அதனை வைக்கவில்லை.

ஆகவே தகரத்தின் பண்பு என்று தனியே ஒன்றைப் பேசுதல் போதாது. அதன் கீழே என்ன வைக்கப்படுகிறது, எவருக்காக வைக்கப்படுகிறது என்பனவே கட்டடத்தின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. தொழில்நுட்பம் இந்நூற்றாண்டில் வெகுதூரம் வளர்ந்துள்ளமை உண்மையே. 1972 அளவில் வாணிபத்துக்கு வந்த அலுமினிய–நாகக் கலப்புப் பூச்சு, நாகம் மட்டும் பூசிய தகட்டினும் நீண்டகாலம் உழைக்கிறது. இரு தகடுகளுக்கு நடுவே வெப்பத்தடைப் பொருள் நிரப்பிய பலகைகள் அங்காடிகளிலும் களஞ்சியங்களிலும் வழக்கிலுள்ளன. வெளிர்நிறப் பூச்சு வெயிலைத் திருப்பிவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் கிளென் மர்கட் போன்றோர், தகட்டை மறைக்காமலே காற்றோட்டத்தோடு அதனை இணைத்து உலகப் புகழ் பெற்றனர். 2002இல் அவருக்குப் பிறிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. ஆனால் ஊதுலையில் ஒரு தொன் உருக்கை உண்டாக்க ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. எனவே புதிய தகட்டை வாங்கி ‘பசுமைக் கட்டடம்’ எனப் பெயர் சூட்டுவதிலும், நிற்கும் கட்டடத்தைப் பேணிப் பயன்படுத்துவதே சிறந்ததென்பது தெளிவு.

இதற்கு மலையகத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொழுந்து வாட்டும் முறை மாறிப் பெருந்தொட்டிகள் வந்தபின் மேல்மாடிகள் பல பயனற்றுப்போயின; தொழிற்சாலைகள் சில மூடப்பட்டன. கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தொழிற்சாலை அவ்வாறு மூடிக் கிடந்து, 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. நெளிதகரச் சுவர்களும் சாளர வரிசைகளும் கொண்ட வெளித்தோற்றம் காக்கப்பட்டது. வாட்டும் மாடிகள் விருந்தினர் அறைகளாயின. இடித்துப் புதிதாகக் கட்டாமை பாராட்டுதற்குரியது. தொழிற்சாலையைக் காத்த அதே அக்கறையை மற்றைக் கூரை பெறவில்லை. 1972லும் 1975லும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. உரிமை இவ்வாறு கைமாறிய காலமெல்லாம் லயன்கள் நின்றன. பிற்காலத்திற் பழைய தகட்டை அகற்றிப் புதிய தகட்டை இடுவதே வீடமைப்புத் திட்டங்கள் சிலவற்றின் பெரும்பகுதியாயிற்று.

கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் ஒன்று 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. கட்டடக்கலை பயிலும் மாணவர் அதனையும் கந்தப்பளை விடுதியையும் ஒரே பயணத்திற் பார்த்துவிடலாம். இரண்டிற்கும் இடையிலுள்ள மலைச்சரிவுகளில், மக்கள் இன்னும் குடியிருக்கும் லயன்களின் கூரைகள் பாதையிலிருந்தே தெரியும். காற்றுக்குத் தகடு பறவாதிருக்க அவற்றின்மேற் கற்கள் ஏற்றப்பட்டிருக்கும்.